மிஸ் காரின் இடது கண்

ஏப்ரல் 21, திங்கள்

மரகதம் மிஸ்ஸின் கார் இன்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தது.

பொய்யில்லை. சாயங்காலம் ஆறரைக்கு எங்கள் வீட்டுக் காலியிடத்துக்குள் திரும்பும்போது இடது ஹெட்லைட் அணைந்தது, எரிந்தது, மறுபடி அணைந்தது. மிஸ் எனக்குப் பிளஸ் ஒன்னில் பிசிக்ஸ் எடுத்தவர். பக்கத்துச் சந்தில் வீடு. சந்துக்குள் கார் நுழையாது என்பதால் எங்கள் இடத்தில் நிறுத்திவிட்டு, சாவியை எங்கள் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். அது அப்பாவின் லாரி நிற்க வேண்டிய இடம். அப்பாவும் லாரியும் மாதத்தில் இருபது நாள் வடக்கே இருப்பதால் சும்மாதான் கிடக்கிறது.

"மிஸ், உங்க கார் என்னையப் பாத்துக் கண்ணடிக்குதுங்க. எச்எம்கிட்டச் சொல்லப்போறேன்."

"அது கண்ணடிச்சாப் பரவால்ல. நீ வாயடிக்காம இரு" என்றார் மிஸ். ஆனால் சிரிக்கவில்லை. அவர் கணவரான சாருக்குச் செவ்வாய், வியாழன், சனி திருப்பூரில் டயாலிசிஸ். மத்தியானம் போனால் திரும்பும்போது இருட்டிவிடும். ஒற்றைக் கண்ணோடு எப்படி ஓட்டுவார்?

அக்கா மாவுக் கையோடு வெளியே வந்தாள். "காத்தால கடைக்கு எடுத்துட்டுப் போயிர்றேனுங் மிஸ். மத்தியானத்துக்குள்ள தந்தர்றேன்."

அக்கா என்றால் இந்துஜா. இருபத்து மூன்று வயது, ஆட்டோமொபைல் டிப்ளமோ. லோகு அண்ணன் ஆட்டோ எலக்ட்ரிக்கல்ஸில் இரண்டு வருஷமாக வேலை. காங்கயத்தில் கார் வயருக்குள் கையை விடுகிற பெண் எனக்குத் தெரிந்து இவள் ஒருத்திதான். அம்மா திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் காலை ஏழு மணி பஸ்ஸில் போனால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் வருவாள். எனக்குத் தலை சீவி, தட்டில் சோறு போட்டு, ரேங்க் கார்டில் அம்மா கையெழுத்தை அம்மாவைவிட நன்றாகப் போடுகிறவளும் இந்துஜாதான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

லீவு என்பதால் நானும் கடைக்குப் போனேன். உதவி செய்ய அல்ல. வேடிக்கை பார்க்க.

காரின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனருக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஜோசியப் பெட்டி. ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினால் வண்டிக்கு எந்தக் கட்டத்தில் சனி என்று ‘கோடு’ என்கிற கோளாறு நம்பராகச் சொல்லும். மிஸ் காருக்கு வந்த கோடு நீளமாக இருந்தது. கடைசி இரண்டு இலக்கம் 13.

"பதிமூணுன்னா எங்கியோ அறுந்திருக்குது, கரண்டு போய்ச் சேருல" என்றாள் அக்கா. "பதினொண்ணுன்னா வயர் பாடியில ஒட்டியிருக்குது. இது பதிமூணு."

"எங்க அறுந்திருக்குன்னு சொல்லாதா?"

"சொல்லாது. அது நாம தேடோணும்."

"அப்ப இது அரைக் கெணறு ஜோசியர்."

லோகு அண்ணன் டீ கிளாஸோடு வந்து எட்டிப் பார்த்தார். "அம்முணி, புது பல்பப் போட்டுக் கோடை அழிச்சு உட்டுரு. மிஸ்ஸுக்கு மத்தியானம் கெளம்போணுமல்லோ."

"இருங்ணா, ஒரு நிமிசம்."

அக்கா இடது பல்பைக் கழற்றி வலது பக்கம் போட்டாள். எரிந்தது. வலது பல்பை இடது பக்கம் போட்டாள். எரியவில்லை.

"பல்பு மேல பழி போட முடியாதுங்ணா. எடது பக்கம் எதப் போட்டாலும் எரியறதில்ல."

அப்புறம் மீட்டரைப் பிடித்துக்கொண்டு வயரை ஒவ்வொரு சாணாக ஆட்டினாள். தூங்குகிற குழந்தையை எழுப்புகிற மாதிரி. பல்புக்குப் பின்னால் இருக்கும் கனெக்டர்கிட்ட வந்ததும் மீட்டரில் எண் குதித்தது. கழற்றிக் காட்டினாள். உள்ளே ஒரு பின் பச்சை பிடித்துப் போயிருந்தது. அதை வெட்டிப் போட்டுப் புதுப் பின் வைத்தாள். கோடை அழித்தாள். விளக்கு நிமிர்ந்து நின்று எரிந்தது.

லோகு அண்ணன் டீயை முடித்துவிட்டு, "இதையவே ஓசூருக்கு அனுப்பிரு" என்றார்.

ஓசூர் விஷயத்தை நான் இன்னும் எழுதவில்லை. அங்கே ஒரு பெரிய சர்வீஸ் கம்பெனியில் அக்காவை வேலைக்குக் கேட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு பரீட்சை. நிஜ வண்டியில் நிஜக் கோளாறு ஒன்றைக் கண்டுபிடித்து, சரிசெய்து, ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். வண்டி ஏழு நாள் ஓட வேண்டும். எட்டாம் நாள் ஸ்கேன் செய்தால் அந்தக் கோடு வரக்கூடாது. வந்தால் ஏன் வந்தது என்று காரணம் காட்ட வேண்டும். கடைசித் தேதி மே 5.

எட்டாம் நாள் என்றால் வருகிற புதன். நல்லது. போகட்டும். எனக்கென்ன, கட்டில் முழுசாகக் கிடைக்கும்.

ஏப்ரல் 24, வியாழன்

அக்கா ஸ்கூட்டியின் பின்னால் சிவப்பில் ‘எல்’ எழுதி ஒட்டினேன். கடை வரைக்கும் அப்படியே போயிருக்கிறாள். ஒரு டேங்கர் லாரிக்காரர் ஓரங்கட்டி நின்று வழிவிட்டுக் கும்பிட்டாராம்.

ஏப்ரல் 26, சனி

அக்கா ஒரு நோட்டில் பட்டியல் எழுதுகிறாள். தலைப்பு ‘பூவுக்கு’. பூவு நான்தான், முழுப்பெயர் பூவிகா. பருப்புக்கு எத்தனை விசில், கேஸ் தீர்ந்தால் யாருக்குப் போன், வயிற்று வலி நாளில் என்ன மாத்திரை, ஆறு மணிக்கு மேல் கதவுக்கு உள்தாழ்ப்பாள். மொத்தம் மூன்று பக்கம்.

"அக்கா, எனக்குப் பதினாறு வயசு."

"அதனாலதான்டி மூணு பக்கம். ஆறு வயசா இருந்தா உன்னையத் தூக்கிட்டே போயிருவேன்."

அவள் குளிக்கப் போனபோது நோட்டின் கடைசியில் எழுதி வைத்தேன்: ‘மேற்கண்ட வேலைகளுக்கு ஆள் தேவை. தகுதி: அக்கா. முன் அனுபவம்: பதினாறு வருடம்.’

சிரிப்பாள் என்று நினைத்தேன். படித்துவிட்டு நோட்டை மூடி பீரோவில் வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 28, திங்கள்

இன்று விசேஷமாக ஒன்றும் இல்லை. மிஸ் பேப்பர் திருத்தப் போய்விட்டு நாலு மணிக்கே வந்து காரை விட்டுவிட்டுப் போனார். அக்கா ஆறு மணிக்கு வந்தாள். நடுவில் நான் வீட்டில்தான் இருந்தேன். டீ போட்டேன், குடித்தேன். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினேன். கை ஏன் கறுப்பாக இருக்கிறது என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை.

அவ்வளவுதான்.

ஏப்ரல் 30, புதன்

காலை ஆறரைக்கே அக்கா பெட்டியைச் சொருகினாள். ரிப்போர்ட் பாதி எழுதி வைத்திருந்தாள். கடைசி வரி மட்டும் பாக்கி.

கோடு வந்திருந்தது. அதே இடது விளக்கு. அதே 13.

 அக்கா ஹெட்லைட்டைப் போட்டாள், எரிந்தது. அணைத்தாள். மறுபடி போட்டாள். எரிகிற விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எரியுதல்லோ, அப்புறமென்ன?" என்றேன்.

"நடுவுல ஒருக்கா உட்டுருக்குது. நான் வெச்ச பின்னுதான் சரியாக் கடிக்கல."

"பெட்டி பொய் சொல்லும். ஜோசியந்தானே."

"பெட்டி பொய் சொல்லாது பூவு."

மிஸ்ஸிடம் போய், வண்டியை எடுக்க வேண்டாம், இருட்டில் நம்ப முடியாது, இரண்டு மூன்று நாள் கொடுங்கள் என்று கேட்டாள். 

நான் காலையில் தோசை சாப்பிடவில்லை. பசி இல்லை.

மே 1, வியாழன்

மே தினம், கடைக்கு லீவு. லோகு அண்ணன் லுங்கியோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். பம்பரைக் கழற்றி, விளக்கை வெளியே எடுத்து, வயரை ஃப்யூஸ் பெட்டி வரைக்கும் பிரித்துப் போட்டார்கள். கார் ஆபரேஷன் மேஜையில் கிடப்பது மாதிரி இருந்தது.

"நான் பாத்த வரைக்கும் உன் வேலைல குத்தமில்லம்முணி" என்றார் அண்ணன்.

"குத்தமில்லாம எப்படிங்ணா வரும்?"

பன்னிரண்டரைக்கு மிஸ்ஸும் சாரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போனார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஸ்டாப்புக்கு ஆறு கரண்டுக் கம்பம். சார் ஒவ்வொரு கம்பத்திலும் கைவைத்து நின்றார். மிஸ் ஒரு கையில் குடையைச் சார் தலைக்கு மேல் பிடித்திருந்தார், இன்னொரு கையில் ஃபைல். மூன்றாவது கம்பத்தில் சார் திரும்பி, காரைப் பிரித்துப் போட்டிருப்பதைப் பார்த்து, "பொறுமையாப் பாரும்மா. நமக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று அக்காவிடம் சொன்னார்.

மேலே எழுதத் தோன்றவில்லை.

மே 2, வெள்ளி

அக்கா அந்தப் பின்னை மறுபடி வெட்டி மறுபடி வைத்தாள். ஈயம் உருக்கும்போது விரலில் பட்டுக் கொப்புளம். சாயங்காலம் எங்கள் ஊர் இடியாப்பமான சந்தகையைப் பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றி வைத்தேன், அவளுக்கு உயிர். உரலை அழுத்தி அழுத்தி என் கை போயிற்று. நாலு வாய் சாப்பிட்டாள்.

"என்னடி, நீயே சந்தகை பண்ணியிருக்கற?"

"உன் மூணு பக்கத்துல இல்லாத அயிட்டம்."

சிரித்தாள். அப்புறம் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு இது வரல போல பூவு. இங்கன்னா லோகு அண்ணன் தாங்கிக்கறாரு. அங்க போய் நின்னா நாலு பேரு சிரிப்பாங்க. வரலைன்னு எழுதி அனுப்பிர்றேன்."

போனில் எழுதியும் வைத்துவிட்டாள். நாளைக்கு ஒரு தடவை படித்துவிட்டு அனுப்புவாளாம்.

நியாயமாகப் பார்த்தால் எனக்கு இது நல்ல செய்தி. சந்தகை மிச்சம் முழுவதையும் நாய்க்கு வைத்தேன்.

மே 3, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் அக்கா எனக்கு எண்ணெய் வைத்துத் தலை சீவினாள். சீப்பு நடு வகிட்டில் நின்றது.

"முப்பத்தெட்டாயிரத்தி நானூத்திப் பதினாறு" என்றாள்.

"என்னது, பேன் எண்ணிக்கையா?"

அவள் சிரிக்கவில்லை. கோடு வரும்போது நம்பரை மட்டும் பெட்டி காட்டுவதில்லையாம். அந்த நிமிஷத்தில் வண்டி எப்படி இருந்தது என்பதையும் இன்னொரு பக்கத்தில் காட்டுமாம். புதன்கிழமை 13 என்று பார்த்ததுமே தன் கைமேல் சந்தேகம் வந்துவிட்டதால் அந்தப் பக்கத்தை அவள் திறக்கவே இல்லை. நேற்று, வரவில்லை என்று எழுதிய பிறகுதான் திறந்திருக்கிறாள்.

"ஸ்பீடு பூச்சியம். இன்ஜின் ஓடல. ஓடியிருந்தா பேட்டரி பதினாலு வோல்ட் காட்டோணும், பன்னெண்டுதான் காட்டுது. கிலோமீட்டர் 38,416. மிஸ் ஒவ்வொருக்காவும் வண்டிய நிறுத்துனா கிலோமீட்டர நோட்டுல எழுதுவாங்கல்லோ, போய்ப் பாத்தேன். திங்கக்கெழமை நாலு மணிக்கு 38,416. செவ்வாக்கெழமை மத்தியானம் எடுக்கறப்பவும் அதேதான்."

நான் பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும்.

"ஆக, வண்டி நம்ம வாசல்ல நிக்குது. யாரோ நம்ம ஆணியில இருந்த சாவியப் போட்டு, லைட்டப் போட்டு, கனெக்டரப் புடுங்கி, மறுக்காச் சொருகியிருக்காங்க. லாக் சரியா விழற வரைக்கும் அமுத்தியிருக்காங்க. நல்லா வேலை தெரிஞ்ச ஆளு."

"எலியா இருக்கும்" என்றேன். என் குரல் எனக்கே எலிக்குரலாகக் கேட்டது.

"ஏன்டி?"

"சும்மா. வெளையாட்டுக்கு."

அதுதான் காரணம். விளையாட்டு.

சீப்பு மறுபடி நகர்ந்தது. அவள் திட்டுவாள், இழுத்துப் பிடித்து ஒரு குட்டு வைப்பாள் என்று காத்திருந்தேன். பின்னலை மூன்றாகப் பிரித்துப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஆறு மணிலேர்ந்து ஒம்பது மணி வரைக்குமா?"

ஆறு மணிக்கு அக்கா வருவாள். ஒன்பது மணிக்கு அம்மா வருவாள். ஓசூர் போய்விட்டால் ஆறு மணிக்கு யாரும் வரமாட்டார்கள். இதைத்தான் கேட்டாள். எனக்குப் புரியாத மாதிரி, "என்னது ஆறு ஒம்பது?" என்றேன்.  அவள் ரிப்பனை இரண்டு சுற்றுக்குப் பதில் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டினாள்.

வரவில்லை என்று எழுதியதை அழித்துவிட்டாள். நான் கேட்காமலே காட்டினாள்.

மே 4, ஞாயிறு

ரிப்போர்ட்டில் அக்கா இப்படி எழுதியிருந்தாள்: ‘இரண்டாம் முறை பதிவான கோடு, வண்டி நின்றிருந்தபோது கனெக்டர் கழற்றப்பட்டதால் வந்தது.’

"யாரால்னு போடல?" என்றேன்.

"அது அவங்களுக்குத் தேவையில்ல."

"கோடு இருந்தாக் காரணம் காட்டோணும்னு சொன்னியே. நான் அரைக் காரணமா?"

அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கி நானே சேர்த்தேன்: ‘கழற்றியவர்: என் தங்கை பூவிகா. வேண்டுமென்றே.’ அக்கா அழிக்கப் போனாள். போனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன். அம்மா ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்திலிருந்து எழுந்து, "என்ன கண்ணு சத்தம்?" என்றாள். ஒன்றுமில்லை என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம். அப்புறம் உட்கார்ந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா திட்டவில்லை. ரொம்ப நேரம் புடவை முந்தானையை மடித்து மடித்துப் பிரித்தாள். அது திட்டைவிட மோசம்.

மிஸ் வீட்டுக்குத் தனியாகத்தான் போனேன். வழியில் மூன்று விதமாகப் பேச யோசித்து வைத்திருந்தேன், ஒன்றில் எலி உண்டு. மிஸ் கதவைத் திறந்தார். உள்ளே சார் நாற்காலியில், கையில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். எலியை விட்டுவிட்டேன்.

"மிஸ், நான்தானுங்க கனெக்டரப் புடுங்குனேன். என்னாலதான் சார் நடந்து போனாரு."

மிஸ் கேட்டார்: "சரியா மாட்டாம விட்டிருந்து, ராத்திரி ரோட்டுல அணைஞ்சிருந்தா?"

"லாக் விழுந்ததப் பாத்தேனுங்க. ரெண்டு தடவை."

"அது எனக்குப் பதில் இல்ல."

"ஆமாங்க மிஸ்."

சார் உள்ளிருந்து, "உக்காரச் சொல்லு மரகதம், புள்ள நின்னுட்டே இருக்குது" என்றார். அழுகை வந்துவிடுமோ என்று சுவரில் இருந்த காலண்டரை முழுசாகப் படித்தேன்.

மே 6, செவ்வாய்

ஓசூரிலிருந்து போன். பேசியது ஒரு மேடம். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரிப்போர்ட் படிச்சேன். பல்பை மாத்திட்டு விடாம பின் வரைக்கும் போயிருக்கீங்க. நல்லது. இரண்டாவது கோடுக்கும் காரணம் எழுதியிருக்கீங்க. இந்த மாதிரி யாரும் எழுதி நான் பார்த்ததில்ல. தங்கச்சியா?"

"ஆமாங்க மேடம்."

"ஏன் அப்படிப் பண்ணாங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"நான் ஊருக்குப் போயிருவேன்னுங்க மேடம்."

மேடம் ஏதோ எழுதுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "கோளாறு இப்பச் சரியாயிடுச்சா?"

"வண்டியில சரியாயிருச்சுங்க. வீட்ல இன்னும் பாத்துட்டிருக்கேன்."

மேடம் சிரித்த மாதிரி இருந்தது. இருமலாகவும் இருக்கலாம். "பாத்து முடிச்சிட்டு வாங்க. பத்தொம்பதாம் தேதி சேரணும்."

போனை வைத்ததும் அக்கா கொல்லைக்குப் போய்த் துணி துவைத்தாள். துவைத்து முடித்த துணியை.

மே 10, சனி

மிஸ் எனக்குத் தண்டனை அறிவித்துவிட்டார். பள்ளிக்கூடம் திறந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் ஆறு மணிக்கு, திருப்பூர் நாட்களில் கார் வந்து நின்றதும், அவர் வீட்டுக்குப் போக வேண்டும். சாருக்குப் பேப்பர் படித்துக் காட்ட வேண்டும், கேரம் ஆட வேண்டும். ஒன்பது மணிக்குத்தான் விடுதலை. எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும்" என்றார்.

கொடுமை. நேற்றுச் சாயங்காலம் அக்காவும் மிஸ்ஸும் கேட்டுக்குப் பக்கத்தில் அரைமணி நேரம் நின்று பேசினார்கள். எதைப் பற்றி என்று கேட்டால் மழையைப் பற்றியாம். மே மாசத்தில், காங்கயத்தில்.

சார் கேரமில் ஏமாற்றுகிறார். சிவப்பைக் கையால் நகர்த்துகிறார். எனக்குச் சரியான ஜோடி.

மே 18, ஞாயிறு

அக்காவை ஈரோடு பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். அங்கிருந்து ஓசூருக்கு மாறிக்கொள்வாள். அப்பா நாக்பூரிலிருந்து போன் செய்து, ஜன்னல் ஓரமா உக்காரு, படியில நிக்காதே என்று நாலு தடவை சொன்னார். அம்மா புளிசோற்றுப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, மறுபடி வாங்கி, முடிச்சை இறுக்கிக் கொடுத்தாள்.

பஸ் கிளம்ப ஐந்து நிமிஷம் இருந்தது. அக்கா ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, "என்னடி, இன்னிக்கி ஒரு கடியும் காணோம்?" என்றாள். கொப்புளம் இருந்த விரலில் புதுத் தோல் வந்திருந்தது.

நேற்று ராத்திரியே ஆறு ஜோக் தயார் செய்து வைத்திருந்தேன். ஓசூரை வைத்து இரண்டு, ஹாஸ்டல் சாம்பாரை வைத்து நாலு. ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"போகாத" என்றேன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவள் எழுந்து இறங்கிவிடுவாள் என்று ஒரு கணம் நிஜமாகவே தோன்றியது. கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி நகர ஆரம்பித்தது.

கூடவே ஓடினேன். "போ" என்றேன். "போக்கா, போ."

இரண்டையும் சொல்லிவிட்டேன். இரண்டும் உண்மை. அக்கா தலையை வெளியே நீட்டி, "தெரியும்டி" என்றாள். அப்புறம் பஸ் ரோட்டுத் திருப்பத்தில் வளைந்துவிட்டது.

அம்மாவும் நானும் நடந்தே வந்தோம். வழியில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நடு ரோட்டில், பதினாறு வயசில், எல்லாரும் பார்க்கிற மாதிரி. நான் விடவில்லை.